ஓலைச் சுவடியைக் காத்த தேசிகர்

மாசி மாதம் வந்துவிட்டால் பெரியநாயக்கன்பாளையம் வட்டாரத்தில் காரமடைத் தேரைப் பற்றித்தான் பேச்சு. மேட்டுப்பாளையம் சாலையில் வடக்கே போனால் காரமடை. அங்கே அரங்கநாதர் கோவில் இருக்கிறது. மாசி மகத்தை ஒட்டி நடக்கும் தேருக்குச் சுற்று வட்டாரமே திரளும். பந்தம் ஏந்தி ஆடுவோர் ஒரு பக்கம். தோல் பையில் தண்ணீர் சுமந்து வருவோர் ஒரு பக்கம். தோளில் குழந்தையுடன் தந்தைமார்கள் ஒரு பக்கம்.

அரங்கநாதர் என்றதும் திருச்சியை அடுத்த ஸ்ரீரங்கம் நம் நினைவுக்கு வரும். அந்த ஸ்ரீரங்கத்துப் பெருமாளே சுமார் ஐம்பது ஆண்டுக் காலம் தம் வீட்டை விட்டு ஊர் ஊராகப் போய் இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது.

அந்தக் கஷ்ட காலத்தில் பெரியவர் ஒருவர், ஒரு கட்டு ஓலைச் சுவடியையும் இரண்டு சிறுவர்களையும் காப்பாற்றிக்கொண்டு காவிரியின் மேல்கரைக்கு வந்து சேர்ந்தார். அவர் வந்து தங்கிய ஊர் இன்று கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது. ஆனால் 1956-ம் ஆண்டு வரை அது நம் கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்த கொள்ளேகால் தாலுகாவில் இருந்தது.

அந்தப் பெரியவர்தான் வேதாந்த தேசிகர். அவருடைய வாழ்க்கையை இன்று பார்ப்போம்.

தூப்புல் குழந்தை

காஞ்சிபுரத்தை ஒட்டிய சிற்றூர் தூப்புல். 1268-ம் ஆண்டு, புரட்டாசி மாதம், திருவோண நட்சத்திரத்தில் அங்கே ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தந்தையார் பெயர் அனந்தசூரி. தாயார் தோதாரம்பை.

திருப்பதிப் பெருமாளை வேண்டிப் பெற்ற பிள்ளை. அதனால் வேங்கடநாதன் என்று பெயர் வைத்தார்கள். திருப்பதிக் கோவில் மணியைத் தாம் விழுங்கியதாக அந்தத் தாய் கனவு கண்டாராம். அந்த மணியே பிள்ளையாகப் பிறந்தது என்று வைணவர்கள் நம்புகிறார்கள்.

குழந்தைக்கு அமைந்த ஆசிரியர் வெளியாள் அல்ல, சொந்தத் தாய்மாமன். கிடாம்பி அப்புள்ளார் என்று பெயர் பெற்ற பெரிய பண்டிதர் அவர்.

வேங்கடநாதனுக்கு ஐந்து வயது இருக்கும். மாமன் அவனைக் கையைப் பிடித்துக் காஞ்சி வரதராஜப் பெருமாள் கோவிலுக்கு அழைத்துப் போனார். அங்கே நடாதூர் அம்மாள் என்ற முதியவர் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாள் என்ற பெயரைப் பார்த்துப் பெண் என்று எண்ண வேண்டாம். அவர் ஓர் ஆண் ஆசிரியர். பெருமாளுக்குத் தாயைப் போலப் பரிவோடு பால் ஆற்றிக் கொடுத்தவர் என்பதால் அந்தப் பெயர் ஏற்பட்டது.

குழந்தையைக் கண்டதும் அவர் பாடத்தை நிறுத்தி இரண்டு வார்த்தை அன்பாகப் பேசினார். மீண்டும் பாடத்தைத் தொடங்கப் பார்த்தார். எந்த இடத்தில் நிறுத்தினோம் என்பது மறந்துவிட்டது. சீடர்களுக்கும் நினைவு வரவில்லை. ஓரமாக நின்ற ஐந்து வயதுச் சிறுவன் அந்த இடத்தைச் சரியாக எடுத்துச் சொன்னான். முதியவர் கண் கலங்கி, குழந்தையைத் தூக்கி வைத்து ஆசி வழங்கினார்.

இந்த இடத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் முடிச்சு இங்கேதான் விழுகிறது.

கேட்டு எழுதிய நூல்

நடாதூர் அம்மாள் சொல்லி வந்த பாடம் ஸ்ரீபாஷ்யம். அது ராமானுஜர் எழுதிய பெரிய நூல். கடவுள், உயிர், உலகம் ஆகிய மூன்றையும் பற்றி ஆராய்வது. சாதாரணமாகப் படித்தால் புரியாது. ஆசிரியர் ஒருவர் வரி வரியாக விளக்க வேண்டும்.

அவரிடம் பாடம் கேட்டவர்களில் ஒருவர் சுதர்சன சூரி. வகுப்பில் வாய் திறக்க மாட்டார். மற்றவர்கள் அவரை மந்தம் என்று நினைத்தார்கள். அவர் வரத் தாமதமானால் ஆசிரியர் காத்திருப்பார். இது மற்றவர்களுக்குப் பிடிக்கவில்லை. அதை அறிந்த ஆசிரியர், ஒரு நாள் முந்திய பாடத்தைச் சொல்லும்படி எல்லோரையும் கேட்டார். மற்றவர்கள் தடுமாறினார்கள். சுதர்சன சூரி ஒரு சொல் விடாமல் ஒப்பித்தார்.

பகலில் கேட்ட பாடத்தை இரவில் ஓலையில் எழுதி வைப்பது அவருடைய வழக்கம். அப்படி எழுதிச் சேர்ந்ததே சுருதப் பிரகாசிகை என்ற நூல். காதால் கேட்டதை விளக்கிக் காட்டுவது என்று அதற்குப் பொருள்.

அந்தக் காலத்தில் ஒரு நூலை உண்டாக்குவது எளிய வேலை அல்ல. பனை ஓலையை வெட்டி, பதப்படுத்தி, உலர்த்த வேண்டும். துளை போட்டுக் கயிறு கோக்க வேண்டும். எழுத்தாணியால் கீறி எழுத வேண்டும். பிறகு கரி தடவினால்தான் எழுத்து தெரியும். கரையானும் பூச்சியும் அரிக்கும். சில தலைமுறைக்கு ஒரு முறை புது ஓலையில் பார்த்து எழுதினால்தான் நூல் பிழைக்கும். அச்சு இயந்திரம் இல்லாத காலம். ஒரு சுவடி எரிந்தால் அந்த நூலே உலகத்தில் இல்லாமல் போகலாம்.

கோணல் செங்கல்

வேங்கடநாதன் வளர்ந்தார். இருபது வயதுக்குள் தமக்குக் கிடைத்த கல்வி முழுவதையும் கற்றார். மாமன் மறைந்த பிறகு, கடலூருக்கு அருகே உள்ள திருவகீந்திரபுரத்துக்குப் போனார். அங்கே மலை மேல் தவம் இருந்தார். பல நூல்கள் எழுதினார்.

எல்லாக் கலையும் அறிந்தவர் என்று ஊர் அவரைப் புகழ்ந்தது. ஒரு கொத்தனாருக்கு அது பொறுக்கவில்லை. எல்லாம் தெரியும் என்றால் கிணறு கட்டத் தெரியுமா என்று சவால் விட்டார். கோணலும் மாணலுமான செங்கற்களையும் கொடுத்தார். தேசிகர் கோபிக்கவில்லை. வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார். எந்தக் கல் எந்த இடத்தில் பொருந்தும் என்று பார்த்துப் பார்த்து வைத்து, வட்டமான கிணற்றைக் கட்டி முடித்தார். திருவகீந்திரபுரத்தில் அந்தக் கிணற்றை இன்றும் காட்டுகிறார்கள்.

நூல் எழுதுவதிலும் அவர் அப்படித்தான். தமிழ், வடமொழி, பிராகிருதம், தமிழும் வடமொழியும் கலந்த மணிப்பிரவாளம் என்று எல்லாவற்றிலும் எழுதினார். சிறியதும் பெரியதுமாக நூறுக்கு மேற்பட்ட நூல்கள் அவர் பெயரால் வழங்குகின்றன. ஸ்ரீரங்கநாதரின் பாதுகையைப் பற்றி ஒரே இரவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் பாடினார் என்பார்கள். ஆழ்வார்களின் தமிழ்ப் பாடல்களுக்கு வேதத்தோடு சமமான இடம் உண்டு என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

அரிசியில் கிடந்த பொன்

இவ்வளவு புகழ் இருந்தும் அவர் வீட்டில் பானை காலி. தினமும் காலையில் வீதியில் போவார். வீடுகளில் இடும் அரிசியைப் பெற்று வருவார். அன்றைக்கு வந்தது அன்றைக்குச் சாப்பாடு. மறுநாளைக்கு என்று எடுத்து வைப்பது கிடையாது.

அவர் வறுமையைக் காணச் சகிக்காத அன்பர் ஒருவர், அரிசியோடு பொற்காசுகளையும் கலந்து போட்டுவிட்டார். வீட்டில் அரிசியைக் கொட்டிய மனைவியார், நடுவே பளபளவென்று ஏதோ கிடப்பதைப் பார்த்துக் கணவரை அழைத்தார். தேசிகர் வந்து பார்த்தார். அரிசியில் புழு கிடக்கிறது என்று சொல்லி, ஒரு தருப்பைப் புல்லால் காசுகளைத் தள்ளி வெளியே எறிந்தார்.

பின்னாளில், 1336-ம் ஆண்டு விஜயநகர அரசு ஏற்பட்டது. அந்த அரசுக்கு வழிகாட்டியாக இருந்த வித்தியாரணியர் தேசிகரின் பழைய நண்பர் என்று சொல்வார்கள். அவர், அரண்மனைக்கு வந்தால் செல்வமும் மரியாதையும் கிடைக்கும் என்று ஆள் அனுப்பினார். தேசிகர் போகவில்லை. தம் முன்னோர் தேடி வைத்த சொத்து அத்திகிரி மலை மேல் இருக்கும் வரதராஜப் பெருமாளே என்று பாடல்களாகவே பதில் எழுதி அனுப்பினார்.

பொன்னை அவர் புழுவாக நினைத்தார். அந்தப் பொன்னைத் தேடித்தான் ஒரு படை வந்தது.

பொன்னைத் தேடி வந்த படை

தேசிகர் நடு வயதில் ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்தார். அங்கே பெரியவராக விளங்கிய பிள்ளை லோகாசாரியார் முதலியோர் அவரைப் போற்றினார்கள். காஞ்சியில் பாடம் கேட்டு எழுதிய சுதர்சன சூரியும் அப்போது வயோதிகராக ஸ்ரீரங்கத்தில் இருந்தார்.

ஸ்ரீரங்கம் அப்போது செல்வம் கொழித்த கோவில். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சடையவர்ம சுந்தர பாண்டியன் அந்தக் கோவிலுக்குப் பொன் வேய்ந்தான். ஆபரணங்களைக் குவித்தான்.

பிறகு பாண்டியர் குடும்பத்திலேயே சண்டை வந்தது. சுந்தர பாண்டியன், வீர பாண்டியன் என்ற சகோதரர்கள் இருவர் அரியணைக்காக மோதிக்கொண்டார்கள். (பொன் வேய்ந்த சுந்தர பாண்டியன் வேறு, இவன் வேறு.) வீட்டுக்குள் சண்டை என்றால் வெளியாளுக்குக் கதவு திறந்த மாதிரிதான். 1311-ம் ஆண்டு டில்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜியின் தளபதி மாலிக் காபூர் தமிழ்நாட்டில் நுழைந்தான். கோவில்களின் செல்வத்தை அள்ளினான். 512 யானைகளும் 5,000 குதிரைகளும் கொண்டு போனதாக டில்லிக் கவிஞர் அமீர் குஸ்ரு எழுதி வைத்திருக்கிறார்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1323-ல் இன்னொரு படை வந்தது. அதை நடத்தி வந்தவன் இளவரசன் உலுக் கான். பின்னாளில் முகமது பின் துக்ளக் என்ற பெயரில் டில்லியை ஆண்டவன் அவனே.

கடலில் வந்த கொள்ளையர்

இப்படி வழிபாட்டு இடங்களைத் தாக்குவது ஒரு நாட்டிலோ ஒரு மதத்திலோ மட்டும் நடந்தது அல்ல.

தேசிகர் காலத்துக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு, வடக்கு ஐரோப்பாவில் வைக்கிங்குகள் என்ற கடலோடிகள் இருந்தார்கள். நார்வே, டென்மார்க், ஸ்வீடன் நாட்டார். அவர்களுடைய கப்பல் நீளமானது, ஆழம் குறைந்தது. கரை வரை வரும். ஆற்றுக்குள்ளும் புகும். 793-ம் ஆண்டு ஜூன் மாதம் அவர்கள் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் லிண்டிஸ்பார்ன் என்ற தீவில் இறங்கினார்கள். அங்கே கிறிஸ்தவத் துறவிகளின் மடம் இருந்தது. வெள்ளிப் பாத்திரம், பொன் சிலுவை எல்லாம் உண்டு. காவல் கிடையாது. துறவிகளில் சிலரை வெட்டினார்கள். சிலரைக் கடலில் தள்ளினார்கள். சிலரை அடிமைகளாகக் கட்டி இழுத்துப் போனார்கள். 806-ல் அயோனா என்ற இன்னொரு தீவு மடத்தில் 68 பேர் கொல்லப்பட்டார்கள்.

லிண்டிஸ்பார்ன் துறவிகள் 875-ல் தீவை விட்டே கிளம்பினார்கள். தங்கள் குருவான கத்பர்ட் முனிவரின் உடல் இருந்த பெட்டியைத் தோளில் சுமந்தார்கள். ஏழு ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்தார்கள். கையால் எழுதிய வேத நூல் ஒன்றையும் உடன் கொண்டு போனார்கள் என்பார்கள். அந்த நூல் இன்றும் லண்டனில் பத்திரமாக இருக்கிறது.

வேறு ஒரு வேத நூலின் கதை இன்னும் விசித்திரமானது. அதைக் கொள்ளையர் தூக்கிப் போய்விட்டார்கள். ஆல்பிரட் என்ற ஆங்கிலேயப் பிரபு தம் மனைவியுடன் சேர்ந்து, சொந்தப் பொன்னைக் கொடுத்து அதை மீட்டுக் கோவிலுக்குத் தந்தார். அந்தச் செய்தியை நூலின் பக்கத்திலேயே எழுதியும் வைத்தார். இன்று அந்த நூல் ஸ்வீடன் தலைநகரில் இருக்கிறது.

நம்மவர்களும் இதற்கு விலக்கு அல்ல. பதினோராம் நூற்றாண்டில் இலங்கையை வென்ற சோழப் படை, அங்கே புத்த விகாரைகளை உடைத்துப் பொன் சிலைகளை எடுத்துப் போனதாக அந்த நாட்டு வரலாற்று நூல் வருத்தத்தோடு சொல்கிறது.

செல்வம் ஓர் இடத்தில் குவிந்து, காவலும் இல்லாவிட்டால் கொள்ளைக்காரன் வருவான். அவன் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவன் என்பது அடுத்த விஷயம்.

ஸ்ரீரங்கத்தில் அந்த நாள்

1323-ல் படை நெருங்குகிறது என்ற செய்தி ஸ்ரீரங்கத்துக்கு வந்தபோது ஊரே கலங்கியது. ஒரு பக்கம் காவிரி, மறு பக்கம் கொள்ளிடம். நடுவில் தீவு. ஓடவும் எளிதில் வழி இல்லை.

பெரியவர்கள் கூடி முடிவு செய்தார்கள். கருவறையில் பள்ளிகொண்ட பெரிய பெருமாளை மறைத்துக் கல் சுவர் எழுப்பினார்கள். உற்சவ மூர்த்தியான நம்பெருமாளைப் பல்லக்கில் எழுந்தருளச் செய்து, பிள்ளை லோகாசாரியார் சிலருடன் தெற்கே கிளம்பினார். தள்ளாத வயதில் காடும் மேடும் நடந்த அவர், மதுரைக்கு அருகில் ஜோதிஷ்குடி என்ற ஊரில் காலமானார்.

கோவிலில் மிஞ்சியவர்கள் படையின் கையில் அகப்பட்டார்கள். பன்னிரண்டாயிரம் தலைகள் உருண்டன என்று வைணவ நூல்கள் சொல்கின்றன. கோவிலைக் காக்கத் தன் உயிரைக் கொடுத்த வெள்ளாயி என்ற நடனப் பெண்ணின் பெயரால்தான் கிழக்கே உள்ள வெள்ளைக் கோபுரம் அழைக்கப்படுகிறது என்பாரும் உண்டு.

முதியவரான சுதர்சன சூரிக்குத் தம் முடிவு தெரிந்துவிட்டது. உயிரைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. அவருக்கு இருந்த கவலை இரண்டு. ஒன்று, வாழ்நாளெல்லாம் எழுதிய சுருதப் பிரகாசிகைச் சுவடி. இன்னொன்று, தம் இரண்டு பிள்ளைகள். இரண்டையும் தேசிகரின் கையில் ஒப்படைத்தார். அந்தக் கலகத்தில் அவர் உயிர் துறந்தார்.

தேசிகருக்கு அப்போது வயது ஐம்பத்தைந்து. அன்று அவர் என்ன செய்திருக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள்.

எதிர்த்து நின்று வெட்டுப்பட்டுச் செத்திருக்கலாம். உலகம் வீரர் என்று புகழ்ந்திருக்கும். ஆனால் சுவடி நெருப்புக்குப் போயிருக்கும். பிள்ளைகள் வாளுக்கு இரையாகி இருப்பார்கள். சாவது அன்று சுலபம். பிழைத்திருந்து ஒப்படைத்ததைக் காப்பதுதான் கஷ்டம்.

காவிரிக் கரை மணலில் பிணங்கள் குவிந்து கிடந்தன. தேசிகர் அந்தப் பிணங்களுக்கு நடுவே படுத்தார். பிள்ளைகளையும் படுக்க வைத்தார். சுவடியை மறைத்துக்கொண்டார். செத்தவர்களோடு செத்தவர் போல மூச்சு அடக்கிக் கிடந்தார்.

அவர் எப்படிப்பட்டவர் என்பதை எண்ணிப் பார்த்தால்தான் இதன் அருமை புரியும். நாள் தவறாமல் நீராடி, நியமம் தவறாமல் பூஜை செய்தவர். சாவு வீட்டுக்குப் போய் வந்தாலே முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைக்கும் வழக்கம் உள்ளவர். அவர் ரத்தத்திலும் பிணத்திலும் கிடந்தார். ஆசாரம் பெரிதா, அடைக்கலம் பெரிதா என்ற கேள்விக்கு அவர் வாயால் பதில் சொல்லவில்லை. படுத்துக் காட்டினார்.

படை நகர்ந்தது. இருட்டியது. தேசிகர் எழுந்தார். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு மேற்கே நடந்தார்.

சத்தியாகாலம்

அவர் போய்ச் சேர்ந்த இடம் சத்தியாகாலம். காவிரி அருவியாக விழும் சிவசமுத்திரத்துக்கு அருகே உள்ள ஊர். தொடக்கத்தில் சொன்னோமே, 1956 வரை கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்த கொள்ளேகால் தாலுகா; அங்கேதான் இருக்கிறது. அதற்கு வடக்கே, ராமானுஜர் பல ஆண்டுகள் வாழ்ந்த மேல்கோட்டை. அங்கேயும் தேசிகர் தங்கினார் என்பார்கள்.

சத்தியாகாலத்தை ஒட்டிப் போகும் காவிரிதான் மேட்டூர் வழியாகப் பவானிக்கு வருகிறது. ஈரோட்டையும் கொடுமுடியையும் தொட்டு, கடைசியில் ஸ்ரீரங்கத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொள்கிறது. ஆறு போகும் ஊருக்கு அவர் போக முடியவில்லை.

ஆனால் அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. காப்பாற்றிய பிள்ளைகளை வளர்த்தார். அவர்களுக்குக் கல்வி கொடுத்தார். அவர்களுடைய தந்தையார் எழுதிய சுவடியை வைத்தே பாடம் சொன்னார். கேட்டவர்கள் பார்த்து எழுதினார்கள். ஒரு சுவடி பல சுவடி ஆயிற்று. இனி அதை ஒரு நெருப்பால் அழிக்க முடியாது.

இப்போது அந்த முடிச்சை நினைத்துப் பாருங்கள். ஐந்து வயதில், காஞ்சிக் கோவிலில், நின்று போன பாடத்துக்கு அடி எடுத்துக் கொடுத்தான் ஒரு சிறுவன். அதே ஆசிரியரின் அதே பாடம், ஐம்பது ஆண்டு கழித்து ஸ்ரீரங்கத்தில் அடியோடு நின்று போக இருந்தது. அதைத் தொடர்ந்து நடத்தியவரும் அந்தச் சிறுவனே.

ஸ்ரீரங்கத்தின் பயம் நீங்க வேண்டும், பெருமாள் தம் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று அபீதி ஸ்தவம் என்ற துதியையும் தேசிகர் பாடினார். அபீதி என்றால் பயம் இன்மை. பழிவாங்க வேண்டும் என்ற ஆத்திரத்தைவிட, பயம் இல்லாமல் வாழ வேண்டும் என்ற ஏக்கமே அதன் பெயரில் இருக்கிறது.

அரங்கன் திரும்பினார்

வருஷங்கள் ஓடின. 1335 அளவில் மதுரையில் தனி சுல்தான் ஆட்சி ஏற்பட்டது. நம்பெருமாள் மலையாள நாடு, மேல்கோட்டை, திருப்பதி என்று இடம் மாறிக்கொண்டே இருந்தார். அவருடன் கிளம்பியவர்களில் பலர் வழியிலேயே மறைந்தார்கள்.

பிறகு விஜயநகரத்து அரசர் புக்கரின் மகன் குமார கம்பணர் தெற்கே படை எடுத்து வந்து மதுரை சுல்தானை வென்றார். அந்த வெற்றியை அவருடைய மனைவி கங்காதேவியே மதுரா விஜயம் என்ற காவியமாகப் பாடினார். அந்தக் காலத்திலேயே ஒரு பெண் கவிஞர் போர்க் காவியம் எழுதியது நாம் பெருமைப்படத் தக்க செய்தி.

செஞ்சியில் இருந்த கோபணாரியர் என்ற அதிகாரி, திருப்பதியிலிருந்து நம்பெருமாளை அழைத்து வந்து, 1371-ம் ஆண்டு ஸ்ரீரங்கத்தில் மீண்டும் எழுந்தருளச் செய்தார். பிரிந்து நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து அரங்கன் தம் வீட்டுக்குத் திரும்பினார். இந்தச் செய்தி கோவில் சுவரில் வடமொழிப் பாடல்களாகக் கல்வெட்டில் இருக்கிறது. அந்தப் பாடல்களை இயற்றியவர் தேசிகரே என்று வைணவப் பெரியோர் சொல்வார்கள்.

நூறு வயதைக் கடந்து வாழ்ந்த தேசிகர், மகன் வரதாசாரியார் மடியில் தலை வைத்து, ஆழ்வார் பாடலைக் கேட்டபடியே கண் மூடினார் என்பார்கள்.

எது மிஞ்சியது?

தேசிகருக்குப் பின், வைணவர்களில் வடகலை, தென்கலை என்று இரண்டு பிரிவுகள் வலுத்தன. வடகலையார் தேசிகரைத் தலைவராகக் கொண்டார்கள். தென்கலையார் பிள்ளை லோகாசாரியாரைப் போற்றினார்கள். நாமத்தின் வடிவத்துக்காகக் கோர்ட்டு வரை போனவர்களும் உண்டு. ஆனால் 1323-ல் அந்த இரண்டு பெரியவர்களும் ஒரே வேலையைத்தான் பங்கு போட்டுச் செய்தார்கள். ஒருவர் மூர்த்தியைக் காத்தார். ஒருவர் நூலைக் காத்தார்.

கொள்ளை அடித்தவர்கள் கதை என்ன ஆயிற்று? வைக்கிங்குகளின் பேரப் பிள்ளைகள் கிறிஸ்தவர்களாகி, தாங்களே கோவில் கட்டினார்கள். அந்த டென்மார்க்கு நாட்டார் 1620-ல் நம் தரங்கம்பாடிக்கு வியாபாரிகளாக வந்து கோட்டை கட்டினார்கள். ஸ்ரீரங்கத்திலோ, பெருமாள் மேல் அன்பு வைத்து உயிர் விட்ட ஒரு சுல்தானின் மகள் என்று சொல்லி, துலுக்க நாச்சியாருக்குச் சன்னதி வைத்திருக்கிறார்கள். அவருக்காகப் பெருமாளுக்கு ரொட்டி நைவேத்தியம் செய்கிறார்கள். அடித்த நாட்டாரின் பெண்ணையும் வீட்டுப் பெண்ணாக ஏற்றுக்கொண்டது அந்தக் கோவில்.

டில்லிக்குப் போன பொன்னும் யானையும் இன்று எங்கே என்று யாருக்கும் தெரியாது. அந்தப் படைகளை அனுப்பிய அரச வம்சங்களும் மறைந்தன. புழு என்று தேசிகர் தள்ளிய பொன் புழுவைப் போலவே போய்விட்டது. ஆனால் பிணக் குவியலில் மறைத்துக் காத்த சுருதப் பிரகாசிகையை, எழுநூறு ஆண்டுகள் கழித்தும் மாணவர்கள் ஆசிரியர் முன் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

அடுத்த மாசியில் காரமடைத் தேருக்குப் போகும்போது, வடம் பிடிக்கும் கூட்டத்தில் குழந்தையைத் தோளில் தூக்கி வைத்திருக்கும் தந்தையைப் பாருங்கள். கையைப் பிடித்து இழுத்துப் போகும் தாய்மாமனைப் பாருங்கள். நம் வீடுகளிலும் பாட்டன் எழுதிய கணக்கு நோட்டோ, பாட்டி சொல்லி எழுதிய மருந்துக் குறிப்போ, பரண் மேல் பழைய ஏட்டுக் கட்டோ இருக்கும். கரையான் அரிக்கும் முன் அதை எடுத்துத் தூசி தட்டி, ஒரு பிள்ளையின் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தேசிகர் செய்ததும் அதுதான்.